சிறுவர் விடுதியில் வேலை செய்துகொண்டே ஆய்வாளராவது: யாழ்ப்பாணத்தில் எங்கே தொடங்குவது?

கொக்குவில்_தாதி:
எல்லாருக்கும் வணக்கம். சிறுவர் விடுதிகளில வேலை செய்யிற தாதியர், இயன்மருத்துவர், மருந்தாளர், மருத்துவ உத்தியோகத்தர் எல்லாருக்கும் பொதுவான கேள்வி இது. நோயாளரைப் பார்க்கிறதையும் விடாமல், ஆய்வையும் ஒரு தொழிலாக் கொண்டுபோக யாழ்ப்பாணத்தில இருந்து வழி இருக்கோ? எம்.பி.பி.எஸ். முடிச்ச ஆக்களுக்கும் பி.எஸ்சி. தாதியியல் முடிச்ச ஆக்களுக்கும் பாதை ஒண்டோ, வேறவேறயோ? முதல் ஆறு மாதத்தில கையில எடுக்கக்கூடிய வேலை என்ன? "வெளிநாட்டுக்குப் போங்கோ" எண்ட பதில் தெரியும். மற்றப் பதில்களும் வேணும்.

பிரப்பங்குளம்:
வைத்தியர்களுக்கான பாதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அது ஓரளவு தெளிவானது. இரண்டு வாசல்கள் உண்டு.

ஒன்று பல்கலைக்கழக வாசல். மருத்துவ பீடத்தில் சிறுவர் மருத்துவத் துறைக்குத் தகுதிகாண் விரிவுரையாளர் பதவி விளம்பரமாகும்போது விண்ணப்பிப்பது. நியமனம் கிடைத்தவர் அங்கிருந்தபடியே பி.ஜி.ஐ.எம். (பட்டப்பின் மருத்துவ நிறுவகம்) தெரிவுப் பரீட்சை எழுதி, எம்.டி. முடித்து, சிரேஷ்ட ரெஜிஸ்ட்ரார் காலம், வெளிநாட்டுப் பயிற்சி எல்லாம் கடந்து, போட் சான்றிதழ் (விசேட நிபுணர் என்ற இறுதி அங்கீகாரம்) பெற்ற பிறகு சிரேஷ்ட விரிவுரையாளராகிறார். அப்போது அவருக்குச் சம்பளம் தருவது பல்கலைக்கழகம், விடுதியில் அவர் கௌரவ விசேட வைத்திய நிபுணர். யாழ். மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியதிலிருந்து போதனா வைத்தியசாலையோடு அதன் உறவு இந்த ஏற்பாட்டில்தான் நிற்கிறது.

மற்றது சுகாதார அமைச்சின் வாசல். அமைச்சின் ஆளாக எம்.டி. முடித்து விசேட வைத்திய நிபுணராகி, ஆய்வைக் கூடவே செய்வது. இதில் ஆய்வு நேரம் என்று எழுத்தில் எதுவும் கிடையாது. ஆனால் நோயாளர் எண்ணிக்கை மிக அதிகம், கேள்விகள் கண்முன்னே நிற்கும்.

எந்த வாசலால் போனாலும் போட் சான்றிதழுக்கு முந்திய மதிப்பீட்டில் போர்ட்போலியோவில் ஆய்வுக்கும் ஓடிட்டுக்கும் (விடுதி நடைமுறையை நியமத்தோடு ஒப்பிடும் கணக்காய்வு) தனிப் பகுதி உண்டு. பலர் அதைக் கடைசி வருடத்தில் அவசரமாக நிரப்புகிறார்கள். அது பெரிய வீண்விரயம். சிறுவர் மருத்துவத்துக்குள் நுழையும் நாளிலேயே ஒரு கேள்வியைத் தெரிந்தெடுத்தால், பயிற்சி முடியும்போது அதே கேள்வியில் மூன்று நான்கு கட்டுரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். தொழில் என்று சொல்லக்கூடியது அந்த அடுக்குத்தான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பத்துக் கட்டுரைகள் தொழிலாகாது.

சுன்னாகம்_மருந்தாளர்:
தாதியர், மருந்தாளர், இயன்மருத்துவருக்கு முதல் பார்க்கவேண்டியது இலங்கைத் தகைமைச் சட்டகத்தில உங்கட பட்டம் எந்த மட்டத்தில நிக்குது எண்டது. மூன்று வருடப் பொதுப் பட்டம் மட்டம் 5. நாலு வருடச் சிறப்புப் பட்டம் மட்டம் 6. பாடநெறி மட்டும் உள்ள முதுமாணி மட்டம் 9, ஆய்வுக்கூறு உள்ள முதுமாணி மட்டம் 10, முதுதத்துவமாணி 11, கலாநிதி 12.

இதில ஆக்கள் தடுக்கிற இடம் 9க்கும் 10க்கும் இடையில. காசும் ரெண்டு வருடமும் செலவழிச்சு ஆய்வுக்கூறு இல்லாத முதுமாணியை எடுத்துப்போட்டு, கலாநிதிக்குப் பதியப் போகேக்குள்ள "ஆய்வு அனுபவம் எங்கே" எண்டு கேப்பினம். சேர முதல் கையேட்டில ஆய்வுக்கட்டுரைக்கு எத்தனை திறமைப்புள்ளி எண்டு பாருங்கோ. பேரைப் பார்த்துச் சேராதேங்கோ. டிப்ளோமாவோட நிக்கிற தாதியருக்குத் திறந்த பல்கலைக்கழகத்தின் தாதியியல் பட்டம் இருக்கு, யாழ்ப்பாணத்தில அவையின்ர பிராந்திய நிலையமும் இருக்கு. வேலையை விடத் தேவையில்லை.

முதுதத்துவமாணி, கலாநிதி ரெண்டையும் பகுதிநேரமாப் பதியலாம். ஆனா மேற்பார்வையாளர் ஒருவரை முதலே பேசி வைச்சிருக்கோணும். தலைப்போட போய் ஆளைத் தேடுறதைவிட, ஆள் ஏற்கெனவே செய்யிற வேலைக்குப் பக்கத்தில ஒரு தலைப்பைக் கண்டுபிடிக்கிறது லேசு. அவரின்ர கடைசி ஐஞ்சு கட்டுரையை வாசிச்சுப்போட்டுப் போங்கோ. ரெண்டு நிமிசத்தில வித்தியாசம் தெரியும்.

கொக்குவில்_தாதி:
நன்றி அண்ணை. அப்ப பட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். விடுதியில இப்பவே தொடங்கக்கூடிய கேள்வி எண்டா: "சிறுவர் விடுதியில் கனுலாப் பராமரிப்பு பற்றிய ஆய்வு" எண்டு யோசிக்கலாமோ? கனுலா (மருந்தும் திரவமும் ஏத்த நாளத்துக்குள்ள போடுற சின்னக் குழாய்) போட்ட இடம் வீங்கிப் போறதும் திரும்பத் திரும்பக் குத்துறதும்தான் பிள்ளையளுக்கும் தாய்மாருக்கும் பெரிய வேதனை.

இடையம்:
விசயம் அருமை தங்கச்சி, ஆனா இது இன்னும் தலைப்புத்தான், கேள்வியாகவில்லை. கேள்வி எண்டா அதுக்கு ஒரு எண்ணால விடை வரோணும். இப்பிடி மாத்திப் பாருங்கோ: "ஒரு மாதம் முதல் 12 வயது வரையான பிள்ளைகளில், முதலாவது கனுலா சிகிச்சை முடியுமுன் பழுதாகும் வீதம் எவ்வளவு? எத்தனை மணித்தியாலத்தில்?"

இதில ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் இருக்கு.

"முதலாவது கனுலா" எண்டு ஏன் சொல்லுறன்? ஒரு பிள்ளைக்கு நாலு கனுலா போட்டா அந்த நாலும் ஒண்டுக்கொண்டு தொடர்புடையவை. நரம்பு (குருதி நாளம்) கிடைக்காத பிள்ளைக்கு நாலும் பழுதாகும். நாலையும் தனித்தனிப் பிள்ளை மாதிரி எண்ணினா மாதிரி அளவு பொய்யாப் பெருத்து, நம்பக இடைவெளி பொய்யாச் சுருங்கும். இதழின்ர மதிப்பாய்வாளர் முதல் பிடிக்கிறது இதைத்தான். ஒரு பிள்ளைக்கு ஒரு கனுலா எண்டு வைச்சா இந்தச் சிக்கலே வராது.

"சிகிச்சை முடியுமுன்" எண்டு ஏன்? பிள்ளை சுகமாகி வீட்டுக்குப் போகேக்குள்ள எடுத்த கனுலா பழுதானது இல்லை. அது நல்லா இருந்தபடி கணக்கிலிருந்து வெளியேறியது. கப்லான்-மையர் முறையில (எத்தனை மணித்தியாலம் தாக்குப்பிடிச்சது எண்டு கணக்கிடும் புள்ளிவிபர முறை) அதை "தணிக்கை" எண்டு குறிக்கோணும். அதையும் பழுது எண்டு சேர்த்தா விடை தலைகீழாகும். விட்டுப்போட்டா, நீண்ட நாள் நிண்ட நல்ல கனுலா எல்லாம் மறைஞ்சுபோகும்.

"பழுது" எண்டா என்ன எண்டு தொடங்க முதலே எழுதி வையுங்கோ: திசுக்குள் கசிவு, நரம்பழற்சி (குருதி நாளத்தின் அழற்சி), அடைப்பு, கழன்று விழுதல். ஒவ்வொண்டுக்கும் ஒரு வரி வரைவிலக்கணம். நரம்பழற்சிக்கு வி.ஐ.பி. புள்ளி (கனுலா போட்ட இடத்தைக் கண்ணால பாத்து அழற்சிக்குப் போடுற புள்ளி) 0 முதல் 5 வரை இருக்கு, புதுசா ஒண்டை உருவாக்காதேங்கோ.

கொக்குவில்_தாதி:
எத்தனை பிள்ளையள் வேணும்? பழைய பி.எச்.ரி.களை (நோயாளரின்ர கட்டில் குறிப்பேடு) ரெக்கோட் றூமில எடுத்துச் செய்தா லேசு எண்டு நினைக்கிறன்.

இடையம்:
எண்ணிக்கை முதல். பழுதாகும் வீதம் உத்தேசமாக்கூடத் தெரியாட்டி 50 வீதம் எண்டு வைக்கிறது வழக்கம், ஏனெண்டா அதுதான் ஆகக் கூடிய மாதிரியைக் கேட்கும். 95 வீத நம்பகத்தில 5 வீத வழு (விடை ரெண்டு பக்கமும் விலகக்கூடிய அளவு) எண்டா 385 பிள்ளையள். 7 வீத வழு ஏற்றுக்கொண்டா 196. 10 வீதம் எண்டா 97. தகவல் விடுபடும் எண்டு 10 வீதம் சேர்க்கேக்குள்ள பலர் 1.1ஆல் பெருக்குவினம். சரியான வழி 0.9ஆல் வகுக்கிறது. 385 எண்டா 428.

ஒரு விடுதிக்கு 196 நல்ல இலக்கு. வகுத்தா 218. பிள்ளை எத்தனை, கனுலா எத்தனை எண்டு ஒரு கிழமை எண்ணிப் பாத்தா எவ்வளவு காலம் எடுக்கும் எண்டு தெரியும்.

கைப்பலகை (கை மடங்காமல் வைக்கிற பலகை) கட்டினா நல்லதா கட்டாட்டி நல்லதா எண்டு ஒப்பிட வெளிக்கிட்டா எண்ணிக்கை ஏறும். பழுது 50 வீதத்திலிருந்து 35 வீதத்துக்கு இறங்கும் எண்டு எதிர்பார்த்து, 80 வீத வலுவோட (வித்தியாசம் உண்மையில இருந்தா அதைப் பிடிக்கிற வாய்ப்பு) கணக்குப் பாத்தா ஒரு பக்கத்துக்கு 167, ரெண்டுக்கும் 334, விடுபடலோட 372. அதை முதல் ஆய்வாக்காதேங்கோ. இப்ப எடுக்கிற வீதம்தான் அதுக்கான அத்திவாரம்.

பி.எச்.ரி. பற்றி மற்றாக்கள் சொல்லட்டும்.

வடலி:
பழைய பி.எச்.ரி.யில் இந்தக் கேள்விக்கு விடை இல்லை. கனுலா போட்ட நேரம் சிலவேளை இருக்கும், எடுத்த நேரம் அநேகமாக இருக்காது, ஏன் எடுத்தது என்பது அதிலும் குறைவு. "கனுலா மாற்றப்பட்டது" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு கசிவா அடைப்பா என்று ஊகித்து எழுதுவது ஆய்வாகாது. எது எழுதப்படவில்லையோ அது நடக்கவில்லை என்று எண்ணிக்கொள்வதுதான் பின்னோக்கிய ஆய்வுகளின் பெரிய நோய்.

ஆகவே முன்னோக்கிய ஆய்வு. கட்டிலோடு ஒரு தாள், ஒரு பக்கம் மட்டும்:

ஆய்வு எண் (பெயர் அல்ல), பிறந்த திகதி, நிறை கிலோகிராமில், நோய் நிர்ணயம், கனுலாவின் நிறம் (24 மஞ்சள், 22 நீலம், 26 ஊதா), உடலில் எந்த இடம், எத்தனையாவது குத்தலில் கிடைத்தது, போட்டது வைத்தியரா தாதியா, பலகை கட்டியதா, போன மருந்துகள், போட்ட திகதியும் நேரமும், எடுத்த திகதியும் நேரமும், எடுத்த காரணம்.

வயதை எழுத வேண்டாம், பிறந்த திகதியை எழுதுங்கள். "2" என்றால் இரண்டு மாதமா இரண்டு வயதா என்று மூன்று மாதத்துக்குப் பிறகு யாருக்கும் தெரியாது. நேரம் 24 மணிக் கணக்கில் இருக்க வேண்டும். இரவுப் பணி 12 மணித்தியாலம் ஓடுகிறது, "7.00" என்று மட்டும் எழுதினால் காலையா மாலையா? அந்த ஒரு பிழை ஒரு கனுலாவின் ஆயுளை 12 மணித்தியாலத்தால் கூட்டும் அல்லது குறைக்கும். பணி மாறும் நேரத்தில்தான் தாள்கள் வெறுமையாக வருகின்றன. கையளிப்பில் "கனுலாத் தாள் பார்த்தாயிற்றா" என்பதையும் ஒரு கேள்வியாகச் சேர்க்க வோட் சிஸ்டரிடம் முதலே கேளுங்கள்.

ஆனைப்பந்தி:
தரவைக் கொம்பியூட்டரில ஏத்தேக்குள்ள வாற பிழைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. எக்செல் 03/04 எண்டதை மார்ச் 4 எண்டும் எடுக்கும், ஏப்ரல் 3 எண்டும் எடுக்கும். நாள், மாதம், வருடத்தை மூண்டு நிரலாப் போடுங்கோ. "1-5" எண்டு வயதுப் பிரிவைத் தட்டினா அதைத் திகதியாக்கிப்போடும். சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் குருதிச் சோதனை) "<5" எண்டு வந்தா அது எண் இல்லை, எழுத்து. பகுப்பாய்வு மென்பொருள் அதை விடுபட்டது எண்டு எடுத்து, நல்லா இருந்த பிள்ளையள் எல்லாரையும் வெளிய தள்ளும். "குறைந்த எல்லைக்குக் கீழ்" எண்டு தனி நிரல் வையுங்கோ.

குருதிச் சிறுதட்டு 150 எண்டும், 150,000 எண்டும் ஒரே நிரலில வந்து கிடக்கிறது இங்க சாதாரணம். வெப்பநிலை பரனைட்டில ஒண்டு, செல்சியசில ஒண்டு. படிவத்திலேயே அலகை அச்சடிச்சு வையுங்கோ. ரெட்கப் மாதிரி மென்பொருள் உங்கட நிறுவனத்தில கிடைச்சா, 45க்கு மேல வெப்பநிலையை ஏற்கமாட்டேன் எண்டு அதுவே சொல்லும். எக்செலிலும் தரவுச் சரிபார்ப்பு வசதி இருக்கு, பத்து நிமிச வேலை.

வடலி:
அனுமதிகள். இதில் ஒழுங்கு முக்கியம்.

பொறுப்பான விசேட வைத்திய நிபுணர், வோட் சிஸ்டர், மேற்றன் ஆகியோரின் உடன்பாடு முதலில். அதன்பிறகு ஒழுக்கநெறிக் குழு, யாழ். மருத்துவ பீடத்தில் உண்டு. அதன்பிறகு நிறுவன அனுமதி. போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ் வருவதால் அதன் பணிப்பாளர். ஆனால் பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளையும் சேர்க்க நினைத்தால் அவை மாகாணத்தின் கீழ், மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளரின் அனுமதி வேண்டும். ஒரு கடிதத்தை இரண்டு இடத்துக்கும் செல்லும் என்று எண்ணி அலைபவர்கள் அதிகம்.

கனுலா ஆய்வில் மேலதிகமாக ஒரு குத்தல்கூட இல்லை. "அப்படியானால் அனுமதி எதற்கு, ஓடிட் என்று செய்துவிடலாமே" என்ற எண்ணம் வரும். ஏற்கெனவே உள்ள ஒரு நியமத்தோடு உங்கள் விடுதியின் நடைமுறையை ஒப்பிட்டு, விடுதிக்குள்ளேயே திருத்தினால் அது ஓடிட். புதிய அறிவைத் தேடி வெளியே பிரசுரிக்கப் போனால் அது ஆய்வு. தரவு சேர்த்து முடித்த பிறகு அனுமதி கேட்டால் எந்தக் குழுவும் தராது. முற்தேதியிட்ட அனுமதி என்று ஒன்று இல்லை.

இப்போது சம்மதம். இலங்கையில் 18 வயதுக்குக் கீழ் பெற்றோர் அல்லது சட்டபூர்வ பாதுகாவலரின் சம்மதம், அதோடு விளங்கும் வயதுள்ள பிள்ளையின் இணக்கம். எந்த வயதிலிருந்து வாய்மொழி, எந்த வயதிலிருந்து எழுத்து என்பதைக் குழுவின் படிவத்தைப் பார்த்து அப்படியே பின்பற்றுங்கள். பெற்றோர் சம்மதித்தும் பிள்ளை தலையை ஆட்டி மறுத்தால் அந்தப் பிள்ளையைச் சேர்க்கக்கூடாது.

எங்கள் ஊரில் தனியாகத் திட்டமிட வேண்டியது அம்மம்மா. தகப்பன் வெளிநாட்டில், தாய் வேலையில், பிள்ளையோடு விடுதியில் நிற்பது அம்மம்மா. அன்பாகப் பார்ப்பவர் என்பதால் அவர் சட்டபூர்வ பாதுகாவலர் ஆகிவிட மாட்டார். தாயைத் தொலைபேசியில் கேட்டு, சாட்சியோடு பதிந்து, அவர் வந்ததும் கையொப்பம் வாங்கும் வழியை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். எழுதாமல் விட்டால் இரண்டில் ஒன்று நடக்கும்: அம்மம்மாவோடு நிற்கும் பிள்ளைகள் எல்லாரும் ஆய்விலிருந்து விடுபடுவார்கள், அல்லது செல்லாத சம்மதத்தோடு சேர்க்கப்படுவார்கள். முதலாவது முடிவைச் சாய்க்கும், இரண்டாவது ஆய்வையே கவிழ்க்கும்.

தகவல் தாள் இரண்டு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. விடுதித் தாய் ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்து, "இதில் என்ன செய்யப் போகிறோம்?" என்று திருப்பிக் கேளுங்கள். மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்த மண் இது. ஒரு தாய்க்கு விளங்காத தமிழில் தகவல் தாள் எழுத எங்களுக்கு எந்த நியாயமும் இல்லை.

ஆனைப்பந்தி:
அடுத்த படியில ஆரும் குருதி மாதிரி எடுக்க நினைச்சா: பிள்ளையின்ர குருதிக் கனவளவு கிலோவுக்கு ஏறத்தாழ 80 மில்லிலீற்றர். மூண்டு கிலோ சிசுவுக்கு 240. ஆய்வுக்கெண்டு ஒரு தடவையில 1 வீதம், நாலு கிழமையில மொத்தம் 3 வீதம் எண்டது ஐரோப்பிய வழிகாட்டலின் எல்லை. அந்தச் சிசுவுக்கு அது 2.4 மில்லிலீற்றரும் 7.2 மில்லிலீற்றரும். பெரியாக்களின்ர குழாயில 3 மில்லிலீற்றர் எண்டு நெறிமுறையில எழுதினா அந்த இடத்திலேயே திரும்பி வரும். சிகிச்சைக்கு எடுக்கேக்குள்ள அதே குத்தலில 0.5 மில்லிலீற்றர் சிறுவர் குழாயில சேர்த்து எடுக்கிறது எண்டு எழுதுங்கோ.

மிஞ்சின மாதிரியை வைச்சு வேற சோதனை செய்யிறதுக்கும் சம்மதம் வேணும். லிவர்பூலில ஓல்டர் ஹே சிறுவர் வைத்தியசாலையில 1988 தொடக்கம் 1995 வரை இறந்த பிள்ளைகளின் உறுப்புகளைப் பெற்றோருக்குத் தெரியாமல் எடுத்து வைச்சிருந்தது 2001இல ரெட்பேர்ண் அறிக்கையா வெளிவந்தது. அதுக்குப் பிறகுதான் அங்க 2004 மனித இழையச் சட்டம் வந்தது. ஒரு சிறுவர் வைத்தியசாலையில நம்பிக்கை உடைஞ்சா, அடுத்து வாற எல்லா ஆய்வுக்கும் தாய்மார் கதவைச் சாத்துவினம்.

தேம்ஸ்_கரை:
இங்கிலாந்துப் பக்கம் பற்றி. யாழ்ப்பாணத்திலிருந்து பார்க்கும்போது இரண்டு விசயம் கலந்து தெரிகிறது, பிரித்துச் சொல்கிறேன்.

வைத்தியர்களுக்கு, ஆய்வுப் பயிற்சி பற்றிய 2005 வோல்போட் அறிக்கைக்குப் பிறகு படிக்கட்டு ஒழுங்கானது. அக்கடமிக் கிளினிக்கல் பெலோ: மூன்று வருடம் வரை, நேரத்தில் 25 வீதம் ஆய்வு. இடையில் நிதி பெற்றுக் கலாநிதிப் பட்டம். பிறகு கிளினிக்கல் லெக்சரர்: நான்கு வருடம் வரை, பாதி நேரம் ஆய்வு. 2006இல் தொடங்கிய என்.ஐ.எச்.ஆர். (அரச சுகாதார ஆய்வு நிதி நிறுவனம்) இதற்கு நிதி தருகிறது. தாதியருக்கும் இயன்மருத்துவர் போன்றோருக்கும் அதே நிறுவனம் தனியாகப் படிகள் வைத்திருக்கிறது: குறுகிய உள்ளகப் பயிற்சி, கலாநிதிக்கு முந்திய நிதி, கலாநிதி நிதி. திட்டங்களின் பெயர்கள் மாறிக்கொண்டே வரும், படிகளின் ஒழுங்கு அப்படியே இருக்கிறது.

கவனிக்க வேண்டியது இதுதான். "ரிசேர்ச் நேர்ஸ்" என்று விளம்பரத்தில் வரும் வேலை பெரும்பாலும் வேறொருவரின் ஆய்வுக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பது, சம்மதம் வாங்குவது, மாதிரி அனுப்புவது. மிகவும் மதிப்புள்ள வேலை, நல்ல ஆய்வுநடத்தை அங்கேதான் கைவரும். ஆனால் அதில் பத்து வருடம் இருந்தாலும் உங்கள் பெயரில் ஒரு கேள்வி இருக்காது. கேள்வியைச் சொந்தமாக வைத்திருப்பது கிளினிக்கல் அக்கடமிக் பாதை, அதற்குக் கலாநிதிப் பட்டம் இல்லாமல் முடியாது. 1852இல் தொடங்கிய கிறேற் ஓர்மண்ட் ஸ்ட்ரீற் போன்ற சிறுவர் வைத்தியசாலைகளில் இரண்டு வகையினரும் அடுத்தடுத்த அறையில் இருப்பார்கள், விளம்பரத்தைப் படிக்கும்போது எது எது என்று பார்க்கத் தெரிய வேண்டும்.

இங்கே மருந்துப் பரிசோதனைகளுக்கு 16 வயதில் தாமே சம்மதிக்கலாம். இலங்கையில் 18. இங்கத்தைய படிவத்தை அப்படியே இறக்கி யாழ்ப்பாணத்தில் பயன்படுத்துபவர்கள் இந்த வரியை மாற்ற மறந்துவிடுவார்கள்.

பிரப்பங்குளம்:
தேம்ஸ்_கரை சொன்ன 25 வீதத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அங்கே அந்த நேரம் நியமனக் கடிதத்தில் எழுதப்பட்டிருக்கிறது. இங்கே ஆய்வு என்பது கிளினிக் முடிந்து, விரிவுரை முடிந்து, பரீட்சைத் தாள் திருத்தி முடிந்து மிஞ்சும் நேரத்தில் நடக்கிறது. மிஞ்சிய நேரத்தில் நடக்கும் எதுவும் முதலில் கைவிடப்படும்.

அதனால் புதிதாக வருபவர்களிடம் நான் வலியுறுத்துவது: பணத்துக்கு முன் நேரத்தைக் கேளுங்கள். ஒழுக்கநெறிக் குழுவுக்குப் போகும் விண்ணப்பத்தின் கால அட்டவணையைக் காட்டி, "கிழமைக்கு அரைநாள், ஆறு மாதம், இந்தத் திகதியில் தொடங்கி இந்தத் திகதியில் முடியும்" என்று எழுத்தில் கேட்டால் வோட் சிஸ்டராலும் விசேட வைத்திய நிபுணராலும் பணிப்பட்டியலில் இடம் பண்ண முடிகிறது. "ஆய்வுக்கு நேரம் வேணும்" என்று பொதுவாகக் கேட்டால் எவராலும் தர முடியாது.

தேம்ஸ்_கரை:
மதிப்போடு ஒரு மாற்றுக்கருத்து, டொக்டர். அரைநாளால் ஒரு ஆய்வை முடிக்கலாம், ஒரு தொழிலைக் கட்ட முடியாது. தாதியருக்கு அந்த அரைநாளுக்குப் பிறகு ஏற என்ன படி இருக்கிறது? விடுதித் தாதியாகவும் பல்கலைக்கழக விரிவுரையாளராகவும் ஒரே ஆள் இருக்கும் பதவி, வைத்தியருக்கு உள்ள கௌரவ நியமனம் போல, தாதியருக்கு இல்லை. விரிவுரையாளராகப் போனால் விடுதியை விடவேண்டும். அந்தக் கதவு திறக்கும்வரை திறமையானவர்கள் விமானம் ஏறுவதைக் குறைசொல்ல முடியாது.

பிரப்பங்குளம்:
ஒத்துக்கொள்கிறேன், அந்தப் பதவி இல்லாதது பெரிய குறை, அதைக் கேட்க வேண்டியவர்களில் நாங்களும் அடக்கம். மருத்துவத் துறைகளுக்கு உள்ள ஏற்பாட்டைத் தாதியியலுக்கும் நீட்டுவது புதிய கண்டுபிடிப்பு அல்ல, இரண்டு நிறுவனங்களுக்கிடையில் ஒரு உடன்படிக்கை.

ஆனால் கேள்விகள் இங்கே இருக்கின்றன என்பதையும் சொல்லவேண்டும். பீஸ்ட் ஆய்வை எடுங்கள். உகண்டா, கென்யா, தன்சானியாவில் கடுங்காய்ச்சலோடும் குருதியோட்டக் குறைவோடும் வந்த 3,141 பிள்ளைகள். அவசரமாகத் திரவம் ஏற்றுவது நல்லது என்று உலகமே நம்பியிருந்தது. 2011இல் முடிவு வந்தபோது, 48 மணித்தியாலத்தில் இறப்பு திரவம் ஏற்றிய இரு குழுக்களிலும் 10.6, 10.5 வீதம், ஏற்றாத குழுவில் 7.3 வீதம். தீவிர சிகிச்சை வசதிகள் நிறைந்த நாட்டு வைத்தியசாலையில் இந்தக் கேள்வியை இந்த வடிவில் கேட்டிருக்கவே முடியாது. டெங்குப் பிள்ளைக்கு மணித்தியாலத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் என்று இரவிரவாகக் கணக்குப் பார்க்கும் யாழ்ப்பாணத்துத் தாதிக்கும் அப்படிக் கேள்விகள் உண்டு. அவர் போய்விட்டால் கேள்வியும் கூடவே போய்விடும்.

சுன்னாகம்_மருந்தாளர்:
டெங்கு எண்டவுடன நினைவு வந்தது. காலத்தைப் பாருங்கோ. இங்க டெங்கு வடகீழ்ப் பருவமழையோட கார்த்திகை, மார்கழி, தையில ஏறும். அந்த மூண்டு மாதத்தில மட்டும் கனுலா ஆய்வு ஓடினா, வாற பிள்ளையள் வேற மாதிரி, திரவம் வேற மாதிரி, விடுதியும் நிரம்பி வழியும். ஆடியில மட்டும் ஓடினா எதிர்ப்பக்கம். பருவத்துக்கு வெளியயும் உள்ளயும் விழுற மாதிரி வையுங்கோ. ஒழுக்கநெறிக் குழு முதல் தடவையிலேயே அனுமதி தரும் எண்டு கணக்குப் போடாதேங்கோ. திருத்தம் கேக்கும், அடுத்த கூட்டத்துக்குப் போகும். ஐப்பசியில தொடங்க வேணுமெண்டா ஆனியிலயாவது விண்ணப்பம் உள்ள போகோணும்.

மருந்து நிரலிலயும் ஒரு வார்த்தை. "அன்ரிபயோட்டிக்" எண்டு மட்டும் எழுதினா பிரயோசனமில்லை. எந்த மருந்து, எவ்வளவு நீர்ப்பில், எத்தனை நிமிசத்தில் போனது. பொட்டாசியம் கலந்த திரவமும் 10 வீத டெக்ஸ்ரோசும் நரம்பை அரிக்கிறவை, அதுகளுக்குத் தனிக் கட்டம் வையுங்கோ.

கொக்குவில்_தாதி:
பேர் போடுற விசயம்? விடுதியில தாள் நிரப்பின எல்லாற்ற பேரும் கட்டுரையில வரோணுமோ? பெரியாக்கள் பேரைக் கேக்காமலே போடுற வழக்கமும் இருக்கு.

இடையம்:
மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு நாலு நிபந்தனை வைச்சிருக்கு. வடிவமைப்பிலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதியதிலோ திருத்தியதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு ஆய்வுக்கும் பொறுப்பேற்றல். நாலும் சேர வேணும். தாள் மட்டும் நிரப்பினவை நன்றியுரையில. ஆனா தாள் நிரப்பின தாதி எழுதவும் விரும்பினா, வரைவை வாசிக்கவும் திருத்தவும் வாய்ப்புக் குடுக்கோணும். வாய்ப்பைக் குடுக்காமல் விட்டுப்போட்டு "நீ எழுதேல்லைத்தானே" எண்டு சொல்லக்கூடாது. தொடங்கிற நாளிலேயே ஒரு தாளில பேர்களையும் ஒழுங்கையும் எழுதி எல்லாரும் கையொப்பம் வையுங்கோ.

இலங்கைச் சிறுவர் மருத்துவக் கல்லூரியின் சிறுவர் சுகாதார இதழ் இந்தமாதிரி ஆய்வுக்குப் பொருத்தமான இடம். மின்னஞ்சலில "மதிப்புக்குரிய பேராசிரியரே, மூண்டு நாளில பிரசுரிக்கிறம்" எண்டு வாறதுகளை அழிச்சுப்போடுங்கோ.

வடலி:
இரண்டு விசயம் விடுபட்டது. ஒன்று, பிறகு பலகை ஒப்பீட்டுக்குப் போகும்போது பிள்ளைகளைச் சீட்டுப்போட்டுப் பிரித்தால் அது மருத்துவப் பரிசோதனை. மருந்து இல்லாவிட்டாலும் அப்படித்தான். முதல் பிள்ளையைச் சேர்க்கும் முன் இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2006இலிருந்து இருக்கிறது, இலங்கை மருத்துவச் சங்கத்தின் கீழ். பிந்திப் பதிந்ததைப் பல இதழ்கள் வாசிக்காமலே திருப்பிவிடும்.

மற்றது, பெயர்ப் பட்டியலும் தரவும் வேறுவேறு இடத்தில். ஆய்வு எண்ணையும் பி.எச்.ரி. எண்ணையும் இணைக்கும் தாள் பூட்டிய அலுமாரியில், தரவுக் கோப்பில் பெயரே கூடாது. பி.எச்.ரி. எண்ணோடு ஆண்டையும் எழுதுங்கள். சந்தேகம் கேட்பதற்காக பி.எச்.ரி. பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது. அதற்கு மேலாக, அது ஒரு பிள்ளையின் உடம்பைப் பற்றிய தகவல்.

கொக்குவில்_தாதி:
சரி, இப்பிடி எழுதியிருக்கிறன்: "ஒரு மாதம் முதல் 12 வயது வரை, விடுதியில் அனுமதியாகி முதலாவது புற நாளக் கனுலா போடப்பட்ட 218 பிள்ளைகள். முதன்மை முடிவு: சிகிச்சை முடியுமுன் பழுதாகும் வீதம். இரண்டாம் முடிவு: பழுதாகும்வரை மணித்தியாலங்கள். புரட்டாதியில் தொடங்கி மாசி வரை." விண்ணப்பத்துக்கு முதல் என்ன செய்யலாம்?

இடையம்:
கேள்வி இப்ப நல்லா இருக்கு. வேற விடுதியிலயிருந்தோ வேற வைத்தியசாலையிலயிருந்தோ கனுலாவோட மாற்றி வாற பிள்ளையைச் சேர்க்கிறதோ இல்லையோ எண்டதையும் எழுதுங்கோ. போட்ட நேரம் தெரியாட்டி சேர்க்காதேங்கோ. கிளிநொச்சியிலயிருந்தும் முல்லைத்தீவிலயிருந்தும் அப்பிடி வருவினம். முடிவை எழுதேக்குள்ளயும் "இந்த விடுதியில்" எண்டு எழுதுங்கோ, "வடமாகாணத்தில்" எண்டு எழுதாதேங்கோ.

விண்ணப்பத்துக்கு முதல் படிவத்தைச் சோதிக்கலாம், நோயாளர் தரவைச் சேர்க்காமல். ரெண்டு தாதியருக்குக் கனுலா இடங்களின் பயிற்சிப் படங்கள் 20ஐக் காட்டி, ஒருத்தரை ஒருத்தர் பாக்காமல் வி.ஐ.பி. புள்ளி போடச் சொல்லுங்கோ. கப்பா (ரெண்டு பேரின்ர புள்ளியும் எவ்வளவு ஒத்துப்போகுது எண்ட எண்) கணக்குப் பாருங்கோ. 0.6க்குக் கீழ வந்தா எந்தெந்தப் புள்ளிகளுக்கிடையில குழப்பம் எண்டு பாருங்கோ; அந்த வரைவிலக்கணங்களைத் திருத்தி, படத்தோட படிவத்தின்ர பின்பக்கத்தில அச்சடிச்சு, இன்னொருக்கா செய்யுங்கோ. கப்பா எண்ணை விண்ணப்பத்தில முறைகள் பகுதியில போடலாம். படிவ வரைவை இங்க ஏத்திவிடுங்கோ, நிரல் நிரலாப் பாப்பம்.